ஜெபராஜின் குரல் தங்கிய வீடு

ஜெபராஜ் 1962 ஆகஸ்டில் தன் அக்கா ரத்தினபாயின் வீட்டில் விட்டுவிட்டுப் போன குரல், பதினொரு வருஷம் அந்த வீட்டுக் கூடத்திலேயே இருந்தது. தினமும் சாயங்காலம் ஆறு பத்துக்கு, ஆள் இல்லாமல், ஒரே பேச்சைச் சொல்லும். அப்புறம் மறுநாள் வரைக்கும் சும்மா இருக்கும். கிழக்குத் தாம்பரத்தில் அந்தத் தெருவுக்கே இது தெரியும். பக்கத்து வீட்டுப் பட்டு மாமி அதைக் கேட்டுத்தான் உலை வைப்பாள். "தினம் திட்டறவன் ஒருநாள் லேட்டா வந்தா எங்காத்துல சாதமும் லேட்டாயிடும்டி ரத்னா" என்பாள். ஆனால் அது ஒருநாளும் லேட்டாக வந்ததில்லை.

நடந்தது இதுதான். அக்கா, தம்பி இரண்டு பேருக்குமே வாத்தியார் வேலை. அக்கா வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு ரத்தினபாயின் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன். "நீ போக்கா, பதினோரு மணிக்கு நான் வந்துடறேன்" என்றான் ஜெபராஜ். அதை நம்பிப் போனாள். அவன் கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவன். பயிற்சி இழுத்துக்கொண்டே போய், வீட்டுக்கு வரும்போது மணி இரண்டு. அம்மா அதற்குள் போய்விட்டிருந்தாள். ஸ்டூல் மேல் தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. மூன்றாம் நாள் ஜெபத்துக்கு உறவெல்லாம் கூடியிருந்தபோது, கடைசி நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தது என்று ஒரு பெரியம்மா கேட்டாள். ரத்தினபாய் வாயைத் திறப்பதற்குள் ஜெபராஜ் முந்திக்கொண்டான். "அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன்தான் பெருசு. பெத்தவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காத கை அது." அப்போது மணி ஆறு பத்து. அத்தனை பேரும் ரத்தினபாயின் கையைப் பார்த்தார்கள். அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பதினோரு மணிக்கு வருகிறேன் என்று அவன் சொன்னதை அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் வகுப்பில் பெயர் கூப்பிட வாயைத் திறந்த ஜெபராஜுக்குக் காற்றுதான் வந்தது. அதே நாள் சாயங்காலம் ரத்தினபாயின் கூடத்தில் அவன் குரல் முதல்முறையாகத் தனியாகப் பேசியது. பேச்சில்லாத வாத்தியாரைப் பள்ளிக்கூடம் எத்தனை நாள் வைத்துக்கொள்ளும்? பம்மலில் ஒரு தோல் கிடங்கில் சரக்குக்குச் சீட்டு ஒட்டப் போனான். 1965இல் கிருபா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். திருமண உடன்படிக்கைக்கு மூன்று தலையாட்டல் போதும் என்று போதகர் ஒத்துக்கொண்டார். ரத்தினபாய் அந்தக் கலியாணத்துக்குப் போகவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவனிடமிருந்து ஒரு கடிதம் வரும். பிரிக்காமல் பீரோவில் அடுக்கி வைத்தாள்.

வேதசிரோமணி ஐயர்தான் சபைப் போதகர். மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்துக்கு எல்லோரும் பீடத்துக்குப் போகும்போது ரத்தினபாய் மட்டும் பெஞ்சிலேயே இருந்துகொண்டு, மற்றவர்கள் தாண்டிப் போக முழங்காலை ஒதுக்கிக் கொடுப்பதை அவர் நாலு வருஷம் பார்த்தார். மனசில் ஒருவர் மேல் கசப்பு இருக்கும்போது அப்பத்தைத் தொடக்கூடாது என்பது அவளுடைய கணக்கு. ஒருநாள் வீட்டுக்கே வந்து, ஆறு பத்து வரைக்கும் காத்திருந்து, குரலைக் கேட்டார்.

"மன்னிச்சுடும்மா."

"அவன் வந்து கேக்கட்டும் ஐயரே. அத்தனை பேர் முன்னாடி வாயால சொன்னான், வாயால கேக்கட்டும்."

"அவன் வாய்ப்பேச்சு இங்கதானே இருக்கு. எதை வச்சும்மா கேப்பான்?"

"அப்போ அவன் சொன்னது சரிங்கிறீங்களா?"

"தப்புதான். தப்புன்னாதானே மன்னிக்கணும்? சரியான பேச்சுக்கு மன்னிப்பு எதுக்கு?"

அவள் காபி கொண்டுவந்து வைத்தாள். இன்னும் ஏழு வருஷம் முழங்காலை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

1973 செப்டம்பரில் ஒரு சாயங்காலம் கிருபா வந்து நின்றாள். அவருக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது, டாக்டர் கையை விரித்துவிட்டார், ஒருதரம் வந்து பாருங்கள் அண்ணி என்றாள். ரத்தினபாய் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது ஆறு பத்து ஆயிற்று. குரல் வழக்கம்போலச் சொல்லி முடித்தது.

கிருபா கூடத்து நடுவில் அசையாமல் நின்றாள்.

"இதுவா அண்ணி அவர் குரல்?"

"இதுதான்."

"எட்டு வருஷமா எப்படி இருக்கும், எப்படி இருக்கும்னு நெனச்சுக்குவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருக்கு அண்ணி. இன்னொரு தடவை சொல்லுமா?"

அன்றைக்கு அதற்கப்புறம் ரத்தினபாய் சமைக்கவில்லை. கடிதங்களைப் பிரித்தாள். பதினொன்றிலும் ஒரே வரிதான் இருந்தது: பதினோரு மணிக்கு வருகிறேன் என்றவன் நான்தான் அக்கா.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் பம்மல் போனார்கள். ஜெபராஜ் பாயில் மஞ்சளாகக் கிடந்தான். ரத்தினபாய் டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டாள். "உன்னை மன்னிச்சுட்டேன்டா. நீ கேக்கவே வேணாம். நானே முன்னாடியே வந்திருக்கணும்" என்றாள். அவன் உதடு அசைந்தது. தாம்பரத்தில் குரல் கிளம்பிவிட்டதாகப் பட்டு மாமி அப்புறம் சொன்னாள். காலை ஒன்பது மணிக்குக் கூடத்தைவிட்டு இறங்கித் தெருவழியே போனதாம். குரலுக்கு பஸ் ஏறத் தெரியாது. ஜிஎஸ்டி ரோடு ஓரமாகவே நடந்தது. குரோம்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள், அடிக்குரலில் ஏதோ முனகிக்கொண்டு போனதற்கு வழி விட்டார்கள். அது பம்மல் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டரை. ஜெபராஜ் பன்னிரண்டு மணிக்கே இறந்துவிட்டான். குரல் வாசலில் நின்று "கிருபா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டது. "இதோ வந்துட்டேங்க" என்று அவள் எழுந்து ஓடினாள்.

அடக்கம் முடிந்து கிருபா தாம்பரத்துக்கே வந்துவிட்டாள். குரலும் கூடவே வந்தது. அடுத்த முதல் ஞாயிறு ரத்தினபாய் பெஞ்சிலிருந்து எழுந்து பீடத்துக்குப் போனாள். மற்றவர்கள் முழங்காலை ஒதுக்கினார்கள். குரல் இப்போதும் ஆறு பத்துக்குத்தான் பேசும். "அக்கா, தண்ணி" என்று மட்டும் கேட்கும். ரத்தினபாய் ஒரு டம்ளர் கொண்டுவந்து, ஸ்டூலைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப்போட்டு, கைக்கு எட்டுகிற மாதிரி வைப்பாள். குரலுக்குக் கை ஏது என்று யாரும் கேட்டதில்லை. காலையில் டம்ளர் காலியாக இருக்கும். கிருபா கழுவிக் கவிழ்ப்பாள். பட்டு மாமி வீட்டு உலையும் அந்த நேரத்துக்கே ஏறிக்கொண்டிருந்தது.