எழில்மதி சொன்ன காரணம்

...பொய்தான், ஆனால் வேறு என்ன சொல்லியிருந்தால் சர்டிபிகேட்டைக் கொடுத்திருப்பார்கள், கள்ளக்குறிச்சியில் எழில்மதி ஏழு வருடம் கணக்கு நடத்திய அந்தத் தனியார் பள்ளிக்கூடத்தில், நடுவருடத்தில் வேலையை விட்டு நிற்கிறவர்கள் மூன்று மாதம் முன்னாடியே எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சேரும்போது வாங்கி வைத்த ஒரிஜினல் எதுவும் பீரோவை விட்டு வெளியே வராது, கல்யாணம் என்றால் மட்டும் மறுபேச்சு கிடையாது, பூவும் ரவிக்கைத் துணியும் வைத்து அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்கள், ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்ற பாவம் வேண்டாமாம்... அதனால்தான் நேற்று தாளாளர் விஜயலட்சுமி மேடம் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, கல்யாணம் முடிவாகியிருக்குங்க மேடம் என்றாள். முப்பத்து மூன்று வயதில். வேறு வழி? இன்றைக்கு சாயங்காலத்துக்குள் வெள்ளிமலை அரசுப் பள்ளியில் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு, தற்காலிகம்தான், இருக்கட்டுமே, சித்திரை வெயிலில் அட்மிஷனுக்கு ஊர் ஊராய்ப் பிள்ளை பிடிக்கப் போகச் சொல்ல மாட்டார்கள், விடியற்காலை வேன் டூட்டி கிடையாது... பஸ் வடக்கனந்தலைத் தாண்டியது, அவள் ஃபைலை மடியில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவின் போன். இந்நேரம் நடவில் இருப்பாளே, எதற்குக் கூப்பிடுகிறாள்...

"ஒங்க மேடம் பேசுனாங்கடி. கல்யாணமாமே, வாழ்த்து சொல்றாங்க."

இதை எப்படி யோசிக்காமல் போனாள், பொய் சொன்னவளுக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கத் தெரியவில்லையே, இல்லீங்களே என்று அம்மா சொல்லியிருந்தால் போச்சு, எங்கே போகிறாள் என்று விசாரித்து வெள்ளிமலைக்கு ஒரு போன் போட்டு, ஏமாற்றிவிட்டு வருகிறாள் என்று சொல்ல எத்தனை நேரமாகும்...

"நீ இன்னாம்மா சொன்ன?"

"ஆமாங்க, தை மாசம், அவசியம் வரணுங்கன்னேன். சர்டிபிகேட்டுக்குத்தான்னு எனக்குப் புரியாதா?"

எழுதப் படிக்கத் தெரியாத காசியம்மாளா இது, எழில்மதிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, ஆனால் அம்மா போனை வைக்கவில்லை, பின்னால் பெண்களின் பேச்சு, யாரோ சிரிக்கிறார்கள்...

"நான் போன்ல பேசுனத நடவுல எல்லாரும் கேட்டுக்கினு இருந்தாளுங்கடி. தைலம்மா என் கையப் புடிச்சிக்கினு அழுதுட்டா. நான் இல்லன்னு சொல்லல. சாயங்காலம் சொல்லிக்கலாம்னு வுட்டுட்டேன்."

"சரிம்மா" என்றாள். கோபம் வரவேண்டும், வரவில்லை. பஸ் மலைப்பாதையின் முதல் வளைவில் திரும்பியது, சிக்னல் போய்விட்டது. சாயங்காலம் அம்மா என்னவென்று சொல்வாள், எந்த வாயால் சொல்வாள், அரை நாளாவது சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் பாவம்... அம்மாவை மட்டும் சொல்வானேன், மாப்பிள்ளை என்ன பண்றார் என்று மேடம் நேற்று கேட்டபோது, மணலூர்பேட்டையில் கரண்ட் ஆபீஸில் இருக்கிறார் என்று தயங்காமல் சொன்னாளே, அதோடாவது விட்டாளா, ரொம்ப சாதுங்க மேடம், அதிர்ந்துகூடப் பேச மாட்டார் என்று, யாரும் கேட்காமலே சொன்னாள். சர்டிபிகேட்டுக்கு அது தேவைப்படவே இல்லை.