சாமை மூட்டைமேல் கேமரா

ஜவ்வாது மலையில் கல்யாண போட்டோ எடுக்கும் நதியா, ஊர் ஓடைக்குப் பாலம் கேட்டு மனுவோடு ஒரு செல்போன் வீடியோவும் கொடுத்திருந்தாள். "எல்லாம் ஆடுது. இது எந்த ஓடைன்னு யாருக்குத் தெரியும்?" என்று அதிகாரி திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நதியாவுக்குச் சுருக்கென்றது. வீடியோ கேமரா வாங்க வழியில்லை. கையிலிருந்த பழைய போட்டோ கேமராவிலேயே எடுத்துவிடுவது என்று கிளம்பினாள். ஆடாமலிருக்க அதைப் பாறைமேல் ஒரு சாமை மூட்டையில் அழுத்தி வைத்தாள். அதன் மைக்கில் காற்றுதான் இரைந்தது. செல்போனைத் துணியில் சுற்றி வைத்து ஒலியைத் தனியாகப் பதிந்தாள். பத்து நிமிடத்துக்கொரு முறை கேமரா சூடாகி நின்றுவிடும். குடை நிழலில் ஆறவைத்து மறுபடி எடுத்தாள்.

மூன்றாம் நாள் ஓடையில் வெள்ளம். குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட ஊர்க்காரி சசிகலா, புருஷன் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, கைக்குழந்தையைத் தலைக்குமேல் தூக்கியபடி மார்பளவு தண்ணீரில் இறங்கினாள். நதியா மூட்டையை இரு கையாலும் அழுத்திப் பிடித்தாள். கேமரா ஆடவில்லை.

படத்தோடு ஒலியைச் சேர்த்து, அடுத்த குறைதீர் கூட்டத்தில் மனுவையும் லேப்டாப்பையும் அதிகாரியின் முன்னால் வைத்து ஓடவிட்டாள். கரையிலிருந்த ஊர்ப் பெயர்ப் பலகையும் சசிகலாவின் முகமும் குழந்தையின் அழுகையும் அவ்வளவு தெளிவாக இருந்தன.

"போதும்மா, நிறுத்து. இதை எடுக்க யார் பர்மிஷன் குடுத்தா?"

"எங்க ஊரு ஓடைய எடுக்க இன்னாத்துக்குங்க பர்மிஷன்? போன தபா ஆடுதுன்னீங்க. இப்ப ஆடல. இன்னும் எட்டு நிமிஷம் இருக்குது, முழுசா பாருங்க."

பின்னால் நின்ற ஊர்க்காரர்களும் நகரவில்லை. எழப்போன அதிகாரி உட்கார்ந்தார். படம் முடிந்ததும், ஓடையை நேரில் வந்து பார்க்கும் தேதியை மனுவிலேயே எழுதிக் கொடுத்தார்.

"அன்னிக்கும் கேமராவோட நிப்பேங்க," என்றாள் நதியா.