ஒன்பதுக்கு நாலு

தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு இது புதிதில்லை. ஆனால் உள்ளங்கையில் நகம் பதிந்த தழும்புகளைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

வெறும் மூட்டு ஆபரேஷன்தான். தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே அவள்தான் தேதி வாங்கிக் கொடுத்தாள். பஸ் ஓட்டும் தம்பிக்கு ஐம்பத்தாறு வயதாகியும் வீட்டில் 'அழுமூஞ்சி' என்ற பட்டப்பெயர் போகவில்லை. ஆபரேஷன் முடிந்து, வலி பத்துக்கு எத்தனை என்று நர்ஸ் கேட்டபோதெல்லாம் ஒன்பது என்றான். அக்கா கட்டிலருகே நின்றே சொன்னாள்:

"இவன் ஒன்பதுன்னா நீ நாலுன்னு எழுதிக்கோம்மா. முள்ளு குத்தினாலே ஊரைக் கூட்டுறவன்."

நர்ஸ் சிரித்தாள். தம்பியின் மகளும் சிரித்தாள். தம்பியும் சிரிக்கப் பார்த்தான்.

பழைய சீனியர் சொல்லி யார் மறுப்பார்கள்? நாலு என்றே எழுதினார்கள். மாத்திரையும் மாறவில்லை. நடக்கச் சொன்னபோதெல்லாம் அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தான். ஐந்தாம் நாள் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறி உயிர் போய்விட்டது.

சிலர் உடம்பு இந்த மாத்திரையை மருந்தாக மாற்றாது, எத்தனை விழுங்கினாலும் வலி அப்படியே இருக்கும், அது பரம்பரையாக வருவது என்று டாக்டர் பிறகு விளக்கினார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள் அக்கா.

பித்தப்பை எடுத்தபோது அவளுக்கும் அதே மாத்திரை கேட்கவில்லை. இரண்டு தடவை முனகியதுமே கூட வேலை பார்த்தவர்கள் டாக்டரிடம் சொல்லி வேறு ஊசி போட வைத்தார்கள். அவளை யாரும் அழுமூஞ்சி என்று சொல்லவில்லை.

"பெத்த தாய் மாதிரி பாத்துக்கிட்டீங்க அத்தை," என்றாள் தம்பியின் மகள், நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி பக்கத்தில் உட்கார்ந்து. அவளுக்கு அடுத்த வாரம் சிசேரியன்.

அக்கா துணியைப் பிழிந்தாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடு. அந்த வலி மாத்திரை உனக்கும் கேக்காம போகலாம். அப்பாவுக்குக் கேக்கல. எனக்கும் கேக்கல."

"உங்களுக்குமா? எப்போ?"

"ஆறு வருஷம் ஆச்சு."

மகள் அத்தையின் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டு, அப்பாவின் அடுத்த கையைத் தானே துடைக்கத் தொடங்கினாள்.