பத்தொன்பதாவது கை

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் ஊர் மெதடிஸ்ட் கோவிலின் நூற்றாண்டு மலருக்காக, "ரெண்டு பக்கம் சரித்திரம் எழுதிக் குடு, நீதான் ஏதோ எழுதுவியாமே" என்று போதகர் என் தலையில் கட்டிய வேலை. அந்த 'ஏதோ' இன்னும் உறுத்துகிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தையற்காரரின் முன்னறையில் ஏழு பேர்

[வேண்டாம். எல்லா மலரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.]

2
அங்கத்தினர் பதிவேடுகளை எடுத்துவைத்துப் புரட்டினேன். மத்தியான வெயில் வண்ணக் கண்ணாடி வழியாக விழுந்து பக்கமெல்லாம் நீலம். செத்துப்போனவர்கள் தண்ணீருக்கடியில் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. அரைத்தூக்கத்தில் ஒவ்வொருவராகக் கடந்து போனவன், அத்தையின் பெயரில் முட்டிக்கொண்டேன்.

அத்தை, அப்பாவின் அக்கா. கோவிலில் ஐம்பது வருடமாக ஆர்கன் வாசிப்பவள். அவள் பெயர் இருந்தது 'ஆயத்த அங்கத்தினர்' பட்டியலில்!

[விளக்கம்: எங்கள் சபையில் பிள்ளைகள் முதலில் ஆயத்த அங்கத்தினர். பதினாறு வயதுவாக்கில் எல்லார் முன்னாலும் நிறுத்தி, பூரண அங்கத்தினராகச் சேர்ப்பார்கள். அப்புறம்தான் ஓட்டு. அத்தைக்கு அந்த ஞாயிறு பார்த்து அம்மை போட்டிருந்தது. போதகர் ஜன்னலுக்கு வெளியே நின்று, "கவலைப்படாதேம்மா, நான் எழுதிக்கறேன்" என்றாராம். அடுத்த வாரமே மாற்றலாகிப் போனார். போனவர் எழுதியிருப்பார் என்று வந்தவர் நினைத்தார். அவருக்கு அடுத்தவரும் அப்படியே. இதுவரை பதினோரு போதகர்கள். அத்தை இன்னும் ஆயத்தமாகிக்கொண்டே இருக்கிறாள்.]

3
இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். முப்பது வருடம் முன்பு, கோவிலை மூடிப் பக்கத்து ஊர்ச் சபையோடு சேர்த்துவிடலாமா என்று கூட்டம் போட்டார்கள். மூடலாம் என்று பதினெட்டு கை. கூடாது என்று பத்தொன்பது. கடைசியாகத் தூக்கியது அத்தை. சமமாக வந்திருந்தால் தலைவர் சொல்வதுதான் முடிவு. தலைவரோ மூடுகிற கட்சி.

'அந்த ஓட்டு செல்லாது' என்று எழுதினேன். சுவர்கள் மெலிய ஆரம்பித்தன. கூரை சத்தமில்லாமல் போனது. பெஞ்சுகள் போயின. அந்தக் கூட்டத்துக்கு அடுத்த வருடம் அங்கே நடந்த அப்பா அம்மா கல்யாணம் போனது. ஞானஸ்நானத் தொட்டியோடு குழந்தையாக நானும் போய்க்கொண்டிருந்தேன். ஐயய்யோ என்று வரியை அடித்தேன். எல்லாம் மெல்லத் திரும்பி வந்து உட்கார்ந்தன.

4
நேற்று அத்தை வந்தாள்.

"என்னைப் பத்தி எழுதியிருக்கியாடா?"

"எழுதாம இருப்பேனா அத்தை?"

"ஆர்கன் கதையெல்லாம் வேண்டாம், அது யாரு வேணா வாசிப்பாங்க. கை தூக்கினேன் பாரு, அதை எழுது. பூரண அங்கத்தினர்னு போடு. கல்யாணம் இல்ல, குழந்தை குட்டி இல்ல. நான் முழுசா இருந்த இடம் அது ஒண்ணுதான்."

பதிவேட்டில் இருப்பது அவளுக்குத் தெரியாது. சரி என்று தலையாட்டிவைத்தேன்.

5
முடிவு ஒன்று: பொய் எழுதுவது. ஆனால் மலர் வெளியீட்டன்று பதிவேட்டையும் கண்காட்சியாகத் திறந்து வைக்கப்போகிறார்கள். அத்தைதான் முதலில் குனிந்து பார்ப்பாள்.

முடிவு இரண்டு: வரும் ஞாயிறே அவளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வது. அறுபத்தெட்டு வயதில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் அவளை

[இல்லை, என்னால் முடியாது.]

முடிவு மூன்று: பதிவேட்டை நானே திருத்துவது. என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி. ஊரே கண்டுபிடித்துவிடும்.

6
இப்போது அத்தை எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். "படிடா, கேப்போம்." தையற்காரரிலிருந்து கூட்டம் வரை வாசித்துவிட்டேன். மிச்சம் இரண்டு வரி. எதையும் நான் அடிக்கவில்லை.

கோவிலைக் காப்பாற்றிய கை ஒரு பூரண அங்கத்தினருடையது.

கோவிலைக் காப்பாற்றிய கை ஒரு ஆயத்த அங்கத்தினருடையது.

எனக்குக் குரல் வரவில்லை. ஏதாவது ஒன்றை நீங்கள் வாசித்துவிடுங்கள். கொஞ்சம் சத்தமாக. அவளுக்குக் காது மந்தம், திருப்பிக் கேட்க வெட்கப்படுவாள்.