ஒரு கையால் பூட்டும் சட்டை

மலாயா சுதந்திரத்துக்கு முந்தின வருஷம், பொங்கல் முடிந்த கையோடு, மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் சந்திரமதி வீட்டுத் துணிக்கொடியில் ஊராரின் குரல்கள் வந்து தொங்க ஆரம்பித்தன. சாதாரண இரும்புக் கம்பிதான். ஒரு முனை சுவரில், மறுமுனை ரம்புத்தான் மரத்தில். மலாக்காவில் யாராவது தனக்கு இன்னது இல்லையே என்று முணுமுணுத்தால், அது கம்பியில் வந்து சொட்டும். சந்திரமதி கொடியருகே நின்று பதில் சொன்னால், முணுமுணுத்தவர் காதில் மட்டும் விழும். தபால் தந்தி இலாகா ஆள் ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்தார். தங்கள் கம்பி இல்லை என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்கு அது தோதான நேரம். கணவன் சுப்பையனுக்கு பஸ் கம்பெனி வேலை போயிருந்தது. செங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்த அவனுடைய அண்ணன் அப்பாசாமி, தீபாவளிக்குள் டவுனில் பிழைக்க வழி தெரியாவிட்டால் லாரியோடு வந்து இருவரையும் பால்வெட்டுக்கு ஏற்றிப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார். இருட்டோடு எழுந்து மரம் சீவி வளர்ந்தவள் சந்திரமதி. திரும்பிப்போகும் உத்தேசம் அவளுக்கு இல்லை. வீட்டில் தையல் மெஷின் இருந்தது, கொடியில் ஊரே இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தாள்.

முதலில் கேட்டதையெல்லாம் விற்கப் பார்த்தாள். பாவாடை, தலையணை உறை, எலுமிச்சை ஊறுகாய் என்று எதை அதிகம் பேர் கேட்டார்களோ அதையே செய்தாள். ஜாலான் பெண்டஹாரா தெருக் கடைகளில் அதெல்லாம் இன்னும் மலிவாகக் கிடைத்தன. பாவாடைகள் மடித்தபடியே கிடந்தன. ஊறுகாயைச் சுப்பையனே தின்று தீர்த்தான். அப்புறம், திடலில் சுதந்திரத் தேதி சொல்லப்பட்ட நாள் வந்தது. ஊர் முழுக்க சுதந்திரம் என்ற ஒரே சொல்லுக்கு ஏங்கியதில் கம்பி தரைவரை தொய்ந்து, வெளுத்த வேட்டிகள் சேற்றில் புரண்டன.

மறுநாள் ஊரே கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடந்தது. வேட்டிகளை மறுபடி அலசிக் காயப்போட வந்தவள், கொடியில் ஒரே ஒரு குரல் மட்டும் தொங்குவதைக் கேட்டாள். உஜோங் பாசிர் பகுதியில் கண்ணாடி முன்னால் நின்ற ஒரு மனிதருடையது. "என் சட்டைய நானே பூட்டிக்க முடிஞ்சா போதும்."

கலியாணசுந்தரம் என்று பெயர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதைக்கு இழுத்துப் போகப்பட்டு, வலக்கையை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். சந்திரமதி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வாங்கண்ணே, தச்சுப் பாப்போம்" என்றாள்.

துணி வாங்கப் போன இடத்தில் ஜவுளிக்கடை கபீர் பாய் தலையை ஆட்டினார். "எல்லாருக்கும் ஆவுற சாமானா பாரும்மா. ஒத்தக் கையோட ஊர்ல எத்தன பேரு இருக்கப் போறான்?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் பாய்? அவங்கதான் கடைக்கே வர்றதில்லையே."

கபீர் பாய் நல்ல துணியாக எடுத்து அளந்து கிழித்தார்.

காஜாத் துளையில் நுழைத்துப் பூட்டும் பொத்தான்களை விட்டுவிட்டு, விரலால் அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும் பித்தளைப் பொத்தான்களை வைத்துத் தைத்தாள். கலியாணசுந்தரம் வந்து போட்டுப் பார்த்தார். இடக்கையால் பூட்டினார், கழற்றினார், மறுபடி பூட்டினார். கண்ணாடியை விட்டு நகரவில்லை. சுப்பையன் அவருக்கு வைத்த காப்பி ஆறிப்போனது.

மறுநாள் காலை அவர் மனைவி மல்லிகா வந்து வாசலில் நின்றாள். முகம் சரியாக இல்லை.

"நல்லாத்தான் தச்சிருக்க. ஆனா சட்ட பூட்டி விடற நேரத்துலதான் அவரு எங்கிட்ட ரெண்டு வார்த்த பேசுவாரு. இன்னிக்கி அதுவும் இல்ல. அவரே போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டாரு."

இப்படியொரு குறை கம்பியில் இதுவரை சொட்டியதில்லை. சந்திரமதி, மல்லிகா கொண்டுவந்திருந்த இன்னொரு சட்டையை வாங்கி, மற்றதுக்கெல்லாம் பித்தளை வைத்து, கழுத்துப் பொத்தானுக்கு மட்டும் பழைய மாதிரி, இரண்டு கை இல்லாமல் போட முடியாதபடி, இறுக்கமாகக் காஜா எடுத்துக் கொடுத்தாள். "கேட்டா, காலர் நிக்கிறதுக்குன்னு சொல்லுங்கக்கா."

கலியாணசுந்தரம் கேட்கவே இல்லை. காலையில் மற்ற பொத்தான்களைத் தானே அமுக்கிவிட்டு, தாடையைத் தூக்கிக்கொண்டு மல்லிகா முன்னால் வந்து நின்றாராம்.

அதன்பிறகு சந்திரமதி மற்ற குரல்களை ஒதுக்கிவிட்டு, கொடியில் கை இழந்தவர்களுக்கு மட்டும், அந்தச் சட்டை ஒன்றைப் பற்றி மட்டுமே பேசினாள். மரமறுக்கும் ஆலையில் கை போன சீனர் வந்தார், படகில் கயிறு சுற்றி மணிக்கட்டை இழந்த மலாய்க்காரர் வந்தார், சயாமிலிருந்து மீண்டவர்கள் தோட்டம் தோட்டமாக வந்தார்கள். ஒவ்வொருவரிடமும், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்ட பிறகே கழுத்துப் பொத்தானை முடிவு செய்தாள். தனியாள் என்றால் எல்லாமே பித்தளை.

தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பாசாமி லாரியோடு வந்தார். வாசலில் சட்டைக்குக் காத்திருந்தவர்களிடம் வழி கேட்டு உள்ளே வர நேரமானது. சந்திரமதி மெஷினை நிறுத்தாமலே, "ஒக்காருங்க மாமா, இந்தக் கை முடிஞ்சிரட்டும்" என்றாள். அவர் உட்கார்ந்தார், சாப்பிட்டார், காலி லாரியோடு கிளம்பிப் போனார்.

மழைக்காலம் வந்தபோது கொடியைத் தாழ்வாரத்துக்குள் மாற்றிக் கட்டலாமா என்று சுப்பையன் கேட்டான். வேண்டாம் என்றாள் சந்திரமதி. துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். குரல்கள் நனைந்தால் ஒன்றும் ஆவதில்லை.