ஒன்றே முக்கால் விநாடி முன்னால்

மெம்பிஸ் நகரத்தில் மக்கெல்ரி தெரு பதினோராம் எண் வீட்டில், 1959 மார்ச் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை தொடங்கி, ஒருவர் வாயைத் திறப்பதற்கு ஒன்றே முக்கால் விநாடியும் சொச்சமும் முன்னாலேயே அவர் பேச்சு கேட்க ஆரம்பித்தது. சன்னமாகத்தான் கேட்டது, பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி. தும்மலுக்கு முன்னால் ஒரு தும்மல் வந்தது. தொலைபேசி அடிப்பதற்கு முன்னால் மெல்ல ஒருமுறை அடித்தது. யாரும் பேய் பிசாசு என்று கிளப்பிவிடவில்லை. காரணம் தெருவுக்கே தெரியும்: பாஸ்டர் பிராட்நாக்ஸின் பிரசங்கம்.

அந்த வீட்டு முன்னறையில் வெர்லீன் டக்கல் இசைத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற அவளுடைய லேத், அதாவது தட்டு வெட்டும் இயந்திரம், ஒரு குதிரையின் கனம் இருக்கும். அரக்குப் பூசிய அலுமினியத் தட்டு அதில் சுழலும். சூடான கல் ஊசி மேலிருந்து இறங்கிப் பாட்டை வரியாகக் கீறும். கீறிய அரக்கு கருப்பு முடி போல எழுந்து குழாய்வழியே ஜாடிக்குள் போகும். பூதக்கண்ணாடியில் குனிந்து பார்த்தால், அம்மாடி, ஒரு ஆள் மூச்சு இழுப்பதுகூட அந்தப் பள்ளத்தில் வளைவாகத் தெரியும்! பதினாறு வருஷம் வெட்டியும் வெர்லீனுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்த்தது. பாஸ்டரின் பிரசங்கமோ முப்பத்தைந்து நிமிஷம். ஒரு பக்கத்தில் அது அடங்காது என்று படித்துப் படித்துச் சொன்னாள். "ஒரு ஆமென்கூடக் குறைக்க மாட்டேன் சிஸ்டர், ஆண்டவர் இடம் குடுப்பார்" என்றுவிட்டார் மனுஷர். அவள் வரிகளை நெருக்கி, நெருக்கி, நடுவே மயிரிழைச் சுவர் மட்டும் வைத்து வெட்டினாள். வரி ரொம்ப நெருங்கினால் அடுத்த சுற்றின் சத்தம் சுவரை இடித்து இந்தச் சுற்றிலேயே லேசாகக் கேட்டுவிடும். ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் விநாடியும் சொச்சமும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கோளாறுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை அது தட்டோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் பரவியது, அவ்வளவுதான்.

ஜனங்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். பாடப் பாட நேராகத் தட்டிலேயே வெட்டிக்கொள்ளப் பாடகர்கள் அங்கே வரிசை கட்டினார்கள். தாங்கள் தப்பாகப் பாடப்போவதை முன்னாலேயே கேட்டுப் பதறி, மூச்சை இன்னும் அழுத்தி இழுத்துக்கொண்டு, அதே தப்பை அமர்க்களமாகப் பாடிவிட்டுப் போனார்கள். ஏனென்றால் முன்னால் கேட்டது எதுவும் அதுவரை சொல்லப்படாமல் போனதில்லை. வெர்லீனின் புருஷன் ஓஸெல், சலவைக்கடை வேன் ஓட்டுகிறவன், ஜோக்கடிப்பதற்கு முன்பே எல்லாரும் சிரித்துவிடுகிறார்கள் என்று அலுத்துக்கொண்டான்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் ஓஸெல் அரக்கு ஜாடி பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைத்தான். பற்றவைக்கலாமா அங்கே? அந்த அரக்கு முடி வெடிமருந்துக்கு அண்ணன் தம்பி. குப்பென்று கூரைவரை ஒரு ஜுவாலை எழுந்து அடங்கியது. பாஸ்டரின் இரண்டாம் பிரசங்கம், பாதி வெட்டிய தட்டோடு, கருகிப் போயிற்று. வெர்லீனுக்குத் தலைக்கேறிய கோபத்தில் நாக்குநுனிவரை வந்தது ஒரு சொல். வந்ததைப் பல்லைக் கடித்து விழுங்கிவிட்டாள். ஆனால் வீடு முந்திக்கொண்டது. "போய்த் தொலை, இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று அவள் குரலில் சன்னமாகக் கேட்டாயிற்று.

ஓஸெல் தொப்பியை எடுத்தான்.

"நான் சொல்லலையே! வாயே தொறக்கலையே!"

"காதால கேட்டேனே வெர்லீன். உள்ள இல்லாததா வெளிய வந்துச்சு?"

அவன் வடக்கே கேரி நகரத்து எஃகு ஆலைக்குப் போய்விட்டதாகப் பிற்பாடு தெரிந்தது. முகவரி தெரியாது. சொல்லாத சொல்லுக்கு ஒருத்தன் வீட்டைவிட்டுப் போனது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. வெர்லீன் அழுதாள், ஊரறிய அழுதாள். பிறகு ஒவ்வொரு வருஷமும் வரிகளை இன்னும் நெருக்கினாள். தொழிலுக்காக இல்லை. இன்னும் நெருக்கினால் இன்னும் தூரத்தில் இருப்பது கேட்கும், அவன் திரும்பி வரும் காலடி கேட்கும் என்று நினைத்தாள். வீட்டில் கேட்பது அதே ஒன்றே முக்கால் விநாடியில்தான் நின்றது.

ஓஸெல் போன ஏழாம் வருஷம் பாஸ்டர் ஒரு தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். "என்ன சிஸ்டர் இது? என் ஜெபத்துக்கு முன்னால யாரோ ஒரு பொம்பள பூட்ஸ் தொடைக்கச் சொல்றா. சபையே குனிஞ்சு காலப் பாக்குது!"

போட்டுக் கேட்டாள். முதல் வார்த்தைக்கு முன்னால் வரும் வெற்று வரிகளில், தூசிச் சத்தத்துக்கு அடியில், அவளுடைய குரல்: "கதவு தொறந்துதான் இருக்கு. பூட்ஸத் தொடைச்சிட்டு உள்ள வா." ஊசியை மாற்றினாள், புதுத் தட்டு போட்டாள், வேறு பாட்டை வெட்டினாள். எல்லாவற்றிலும் அதே குரல். வாழ்நாளில் அந்த வாக்கியத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆகவே இனிமேல்தான் சொல்லப்போகிறாள். யாரிடம், எத்தனை சுற்றுக்குப் பிறகு என்பது தட்டில் இல்லை. முன்னால் கேட்டதெல்லாம் சொல்லப்பட்டே தீரும் என்று ஊர் நம்பியது. அந்த ஒரு தடவையை ஊர் மறந்தாலும் வெர்லீன் மறக்கவில்லை; ஒரு சொல்லை அவளே விழுங்கியிருக்கிறாள். அதனால் பயந்தாள். வரிகளை அகட்டினால் குரல் போய்விடும், ஐந்து நிமிஷ வேலை. இசைக் கம்பெனிக்காரர்கள் அகட்டு, இல்லாவிட்டால் நாஷ்வில் நகரத்தில் வெட்டிக்கொள்கிறோம் என்றார்கள். "போங்க மகராசனா" என்றாள். பாஸ்டர் மட்டும் போகவில்லை. சபையில் இப்போது தரை சுத்தமாக இருக்கிறதாம்.

மறுவருஷம் கேரியில் ஒரு முடிவெட்டும் கடையில் பாஸ்டரின் தட்டைப் போட்டார்கள். நாற்காலியில் இருந்த ஆள் வெற்று வரியிலேயே துள்ளி எழுந்தான். தட்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் சாய்த்தான். வரிகள் முடிந்து லேபிள் தொடங்குமுன், வெட்டுகிறவர்கள் கையெழுத்துக் கீறுகிற இடத்தில், வெர்லீன் போடுகிற வால் வைத்த 'V' இருந்தது. பாதித் தலை வெட்டியபடி, கழுத்தில் துணியோடு, பஸ் ஏறினான்.

ஞாயிறு பிற்பகல் வெர்லீன் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வெர்லீன், உள்ள வரலாமா?" என்று சன்னமாகக் கேட்டது. அவள் எண்ணினாள். ஒன்று, ஒன்றே முக்கால், சொச்சம். வாசலில் ஓஸெல் அதையே கேட்டான். அவள் துடைத்த துணியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்குத் திரும்பினாள். வீடு பொறுக்கவில்லை; அவள் பதிலைச் சன்னமாகச் சொல்லிவிட்டது. ஓஸெல் நகரவில்லை.

"வாயால சொல்லு. முன்னாடி கேட்டத நம்பி ஒரு தரம் நாசமாப் போனேன்."

"கதவு தொறந்துதான் இருக்கு" என்றாள், தேம்பிக்கொண்டே. "பூட்ஸத் தொடைச்சிட்டு உள்ள வா. தலை என்ன கண்றாவி இது?"

அதற்குப் பிறகும் அந்த வீட்டில் பேச்சு முன்னால்தான் கேட்டது. போன வாரம்கூட, சோள ரொட்டியும் கீரையுமாகச் சாப்பிட உட்கார்ந்தபோது, ஓஸெல் சேற்றுக் காலோடு வந்திருப்பதை வெர்லீன் பார்த்துவிட்டாள். "போய்த் தொலை" என்று சன்னமாகக் கேட்டது. ஓஸெல் கரண்டியைக் கீழே வைத்து, ஒன்றே முக்கால் விநாடியும் சொச்சமும் காத்திருந்தான். வெர்லீன் மிளகாய் சாஸை அவன் பக்கம் நகர்த்தினாள்.