வெட்டிப் பார்க்காமல் போகாது

கடலுக்கு அடியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த குழாயைப் பட்டறை வாசலில் இறக்கியபோது, அதைப் பற்றவைத்தவள் அடுத்த கொட்டகையில் வேறு வேலையில் இருந்தாள். முகமூடியைக் கழற்றிவிட்டு அவள் வந்து சேர்வதற்குள் முடிவே கட்டிவிட்டார்கள். குழாயில் ஓட்டை விழுந்திருக்கிறது. ஓட்டை அவள் போட்ட இணைப்பை ஒட்டி இருக்கிறது. ஆகவே தப்பு அவளுடையது.

சொன்னவர் பட்டறையின் சூப்பர்வைசர். அவளுடைய சொந்த அக்காவின் கணவர்.

"வெல்டிங் சரியில்ல சார். வேற என்ன சொல்ல?" என்று மேனேஜரிடம் அவர் கையை விரித்துச் சொன்னதை அவள் தன் காதாலேயே கேட்டாள். பட்டறையில் அவளுக்கு 'நேர்கோடு' என்று பட்டப்பெயர். அவள் போடும் பற்றவைப்பு அப்படி இருக்கும். அந்தப் பெயரை முதலில் வைத்தவரே அவர்தான்.

"அத்தான், கிட்டப் போய்ப் பாத்தீங்களா?"

"பாக்க என்ன இருக்கு? கொஞ்ச நாளைக்கு வெல்டிங் டார்ச்சைத் தொடாத. ஸ்டோர்ல போய் உக்காரு."

எல்லோர் முன்பும் சொன்னார். மேனேஜரும் தலையை ஆட்டினார். அவளுக்கு முகம் காந்தியது.

அந்தக் குழாய் துருப்பிடிக்காத எஃகு என்று பெயர்தான். மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் இருக்கும்வரை அந்தப் பெயர் செல்லும். பற்றவைக்கும் சூட்டில் படலம் கெட்டு, இணைப்பின் இரு பக்கமும் நீலமும் பழுப்புமாக ஒரு பட்டை விழும். அமிலப் பசை தடவி அந்தப் பட்டையை எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால் படலம் தானாகத் திரும்பி வரும். எடுக்காமல் விட்டால் உப்புத்தண்ணீர் அங்கேதான் முதலில் வாய் வைக்கும். வேலையை முடித்த அன்றே, "அத்தான், பசை போடாம பெயிண்ட் அடிக்க விட்றாதீங்க" என்று அவள் சொல்லியிருந்தாள். "எனக்கே பாடமா?" என்று அவர் சிரித்தார். துறைமுகத்தில் குழாயை ஏற்றக் கப்பல் காத்து நின்ற நேரம் அது.

அக்கா வீட்டு மாடி அறையில்தான் அவள் குடியிருந்தாள். சாயங்காலம் அக்கா படியேறி வந்தாள்.

"விடுடி. அவருக்கும் மேல இருந்து பிடுங்கல். நீ கொஞ்சம் பொறுத்துப் போனா என்ன? வெளியாளா, உன் அத்தான்தானே."

"வெளியாள் சொல்லியிருந்தா இவ்வளவு எரியாதுக்கா."

"எவர்சில்வர் துருப்பிடிக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுலயே ஓட்டை விழுந்திருக்குன்னா நீ எங்கயோ கோட்டை விட்டிருக்கேன்னுதானே அர்த்தம்?"

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கூடப்பிறந்தவளுக்கே அத்தான் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் அவள் ஸ்டோர் பக்கமே போகவில்லை. வாசலில் கிரேன்காரர் அந்தக் குழாய்க்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே போகுது?"

"பழைய இரும்புக் குவியலுக்கு. உங்க அத்தான்தான் சொன்னாரு."

அவள் நேராகப் போய்க் குழாயின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிம்மா, என் பொழப்புல மண்ணைப் போடாத."

"தூக்குங்கண்ணே. என்னையும் சேத்துத் தூக்குங்க. இதை வெட்டிப் பாக்காம நான் இறங்க மாட்டேன்."

கொட்டகைகளிலிருந்து ஆட்கள் கூடினார்கள். அத்தான் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மானத்த வாங்காத, இறங்கு!"

"யார் மானம் அத்தான்? என்னோடது நேத்தே போயிடுச்சே."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சத்தம் கேட்டு வந்த மேனேஜர், தொல்லை ஒழிந்தால் போதும் என்று பரிசோதனைக்கூடத்து அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். அந்த அம்மா அதிகம் பேச மாட்டார். குழாயை அறுக்கச் சொல்லி, வெட்டிய முகத்தை வழவழவென்று தேய்த்து, பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"வெல்டிங்ல குறை இல்ல. ஓட்டை பக்கத்துப் பட்டைலதான் ஆரம்பிச்சிருக்கு. பெயிண்டைச் சுரண்டினா நீலம் அப்படியே இருக்கு. பசையே போடல."

பிறகு குழாயோடு பூட்டியிருந்த அலுமினியக் கட்டியைத் தட்டினார். கடலுக்குள் போகும் குழாயோடு அப்படி ஒன்றைச் சேர்த்து அனுப்புவார்கள். குழாய் அரிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாக அந்தக் கட்டி கரைய வேண்டும். இதுவோ புதுக்கருக்குக் குலையாமல் இருந்தது.

"இதைப் பூட்டுற இடத்துலயும் பெயிண்ட் அடிச்சிருக்கீங்க. குழாயோட தொடர்பே இல்ல. சும்மா போயிட்டுச் சும்மா வந்திருக்கு."

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். அவர் பின்வரிசைப் பக்கம் கையைக் காட்டினார்.

"பெயிண்டர்தான் சார். படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கல."

பின்வரிசையில் நின்றிருந்த பெயிண்டர், "நானா சார்?" என்றார்.

அவள் பழி நீங்கிவிட்டது. கையைத் தட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் நேற்று முழுக்க அடக்கி வைத்தது இப்போதுதான் பொங்கி வழிந்தது.

"நேத்து நான், இன்னிக்கு இவரா? நாளைக்கு யாரு, அந்தக் கடலா? அண்ணே, வாயைத் திறந்து சொல்லுங்க. பசை போடாம அடிக்கச் சொன்னது யாரு?"

பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டார். கிரேன்காரர் தன் கூண்டிலிருந்து இறங்கி வந்தார்.

"பெயிண்ட் அடிச்ச அன்னிக்கு நானே காதால கேட்டேன் சார். 'பசை போடலியே'ன்னு இவன் தயங்கினான். 'கப்பல் போயிடும், எல்லாத்தையும் மூடி அடிடா'ன்னு சூப்பர்வைசர்தான் சத்தம் போட்டாரு."

மேனேஜர் அத்தானைத் தன் அறைக்கு வரச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் அவளிடம், "புதுக் குழாய்க்கு நீயே வெல்டிங் போடு" என்றார், பரிசு கொடுப்பதுபோல.

"அது இருக்கட்டும் சார். எல்லார் முன்னாடியும்தானே தப்புன்னு தலையாட்டினீங்க? எல்லார் முன்னாடியும் இல்லன்னு சொல்லுங்க."

"சரி, உன் வேலைல தப்பு இல்ல" என்று அவர் முணுமுணுத்தார்.

"கேக்கல சார்."

இந்த முறை கடைசி வரிசைவரை கேட்டது.

அத்தானை மேற்பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி அவளுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. கீழே அவர் குரல் உயர்ந்து, கதவு ஒன்று அறைந்து சாத்தப்பட்டது. அக்கா மேலே வந்தாள். திட்டப்போகிறாள் என்று இவள் தயாராக நின்றாள்.

"பெயிண்டர் மேலயும் பழியப் போட்டாராமே?"

"ஆமா."

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "உன் மேல போட்டப்பவே எனக்குக் கேக்கத் தோணியிருக்கணும். உன்னைத்தான் பொறுத்துக்கோன்னேன்."

"எனக்குக் கோபம் இன்னும் போகலக்கா. அவர் மேலயும், உன் மேலயும்."

"போகவேணாம்" என்றாள் அக்கா. "எனக்கே என் மேல போகல."

அதற்குப் பிறகும் அக்கா எழுந்து கீழே போகவில்லை.